பசை மேலிருந்தா, கீழிருந்தா?

எங்கள் கவர் கம்பெனியில் ஒரு ஜெர்மன்காரர் இருக்கிறார். ஆள் இல்லை, இயந்திரம். அப்பா காலத்தில் பம்பாயில் யாரோ கழித்துவிட்டதை வாங்கி லாரியில் சிவகாசிக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் காகிதத்தைக் கொடுத்தால் மறுபக்கம் கல்யாணக் கவராக வந்து விழும். எங்களிடம் வேலை செய்யும் பெண்கள் அதை 'அது' என்று சொல்வதில்லை. "ஜெர்மன்காரர் இன்னைக்கு முனங்குறாரு", "ஜெர்மன்காரருக்கு எண்ணெ விட்டாச்சா" என்றுதான் பேச்சு.

ஆவணியில் அவர் படுத்துவிட்டார். பசை தடவும் தண்டைத் தூக்கி இறக்குவதற்கு முட்டை வடிவில் ஓர் இரும்புத் துண்டு உண்டு. கேம் என்போம். அதில் விரிசல். கோயம்புத்தூரில் அதே மாதிரி கடைந்து வாங்கிப் போட்டோம். பசை கவரில் விழாமல், இயந்திரத்தருகே நிற்கும் ராஜேஸ்வரியின் சேலையில் விழுந்தது. ஜெர்மனிக்கு மெயில் போட்டோம். 'இந்த எண்ணுள்ள பாகம் எங்களுடையது அல்ல' என்று ஒரே வரியில் பதில் வந்தது. இயந்திரத்தின் நெற்றியில் அவர்களுடைய குடும்பப் பெயரைப் பித்தளையில் பொறித்திருக்கிறார்கள், ஆனால் பாகம் மட்டும் அவர்களுடையது இல்லையாம்! எனக்கு வந்த கோபத்தில் மறுநாள் வரை சோறு இறங்கவில்லை.

என் தம்பி பாண்டி நிதானமான ஆள். "தை மாசத்துக் கல்யாணத்துக்குள்ள ஓடலேன்னா எடைக்குப் போட்டுருவோம்க்கா. காயலான் கடைக்காரர்ட்ட பேசிட்டேன்" என்றான்.

"நான் நேர்ல போயி கேக்குறேன்."

"எங்க, ஜெர்மனிக்கா?"

"ஜெர்மனி என்ன செவ்வாய்க் கிரகமா?"

சொல்லிவிட்டேனே தவிர உள்ளுக்குள் உதறல்தான். ஆனால் நான் தொழில் கற்றதே அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுதான். அதைக் கிலோக் கணக்கில் தராசில் ஏற்றுவதைப் பார்க்க என்னால் முடியாது. உடைந்த கேமை ஒரு துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். அதன்மேல் சாத்தூர் சேவுப் பொட்டலங்களை அடுக்கினேன்.

தங்குவதற்கு இடம் இருந்தது. டோர்ட்மண்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் வசந்தி அக்கா எங்கள் பழைய வாடிக்கையாளர். யாழ்ப்பாணத்தவர். அந்தப் பக்கத்துத் தமிழ்க் கல்யாணங்களுக்கெல்லாம் பத்திரிகையும் கவரும் எங்களிடமிருந்துதான் வாங்கி அனுப்புவார். போனில் பல வருடப் பழக்கம், முகம் பார்த்ததில்லை. விமான நிலையத்தில் என்னைக் கண்டதும், "வாங்கோ மாரி! குரலை வைச்சு உங்களை இன்னும் உயரமா நினைச்சிருந்தன்" என்று கட்டிக்கொண்டார்.

அன்று முழுக்கச் சாப்பாடுதான். புட்டு, சம்பல், மீன் குழம்பு, மறுபடி புட்டு. வெளியே மழை, நடுக்கும் குளிர். "இது குளிரில்லை, இனித்தான் இருக்கு" என்று அக்கா சிரித்தார். கம்பெனிக்கு நாளைக் காலையிலேயே போய் நின்றுவிடலாம் என்று நான் சொன்னதும்தான் அவர் முகம் மாறியது. "ஐயோ, டெர்மின் எடுக்காமல் இஞ்ச ஒருத்தரையும் பாக்க ஏலாது. நான் ஃபோன் பண்ணி நேரம் எடுத்து வைச்சிருக்கிறன். அந்த நேரத்துக்குப் போகோணும், முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை." எங்கள் ஊரில் காலையில் வருகிறேன் என்றால் சாயங்காலத்துக்குள் வருவார் என்று அர்த்தம்.

மறுநாள் அக்காவுக்குக் கடையில் சரக்கு வரும் நாள். நான் தனியாகவே ரயில் ஏறினேன். ஜன்னலோர இருக்கை, எதிரே தொப்பி போட்ட அம்மாள், மடியில் நாய். நாய்க்கும் டிக்கெட் உண்டாம். வழியில் ஒரு நிலையத்தில் ரயில் கொஞ்ச நேரம் நின்றது, ஏதோ அறிவிப்பு வந்தது, பாதிப் பேர் எழுந்து முன்பக்கம் ஓடினார்கள். முன்னால் இருக்கை நன்றாக இருக்கும்போல என்று நினைத்து நான் கால் நீட்டி உட்கார்ந்தேன்.

அந்த ஊரில் ரயில் இரண்டாகப் பிரியும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? முன்பாதி ஓர் ஊருக்கு, பின்பாதி வேறோர் ஊருக்கு. நான் இருந்தது பின்பாதி. கடைசி நிலையத்தில் இறங்கினால் ஒரு சர்ச், ஒரு ரொட்டிக் கடை, நாலு பசுமாடு. கடைக்காரப் பெண் என் முகத்தைப் பார்த்தே விஷயம் புரிந்துகொண்டு, வெண்ணெய் தடவிய உப்பு ரொட்டியைக் கையில் கொடுத்துச் சைகையில் சொன்னாள்: இந்த மாதிரி அடிக்கடி யாராவது வந்து இறங்குவார்கள். ரொட்டி அருமையாக இருந்தது. டெர்மின் போயே போய்விட்டது.

அக்கா போனிலேயே கெஞ்சிக் கூத்தாடி மறுநாளுக்கு இன்னொரு டெர்மின் வாங்கினார். "நாளைக்கு நானும் வாறன். உங்களைத் தனிய விட ஏலாது" என்றார்.

மறுநாள் முன்பாதியில் ஏறினோம்.

மலைச்சரிவில் சின்ன ஊர். சிவப்புச் செங்கல் கட்டடம், உள்ளே துடைத்து வைத்தமாதிரி ஒரு தொழிற்சாலை. கம்பெனியை நடத்தும் உல்ரிக்க எங்களை வாசலுக்கே வந்து அழைத்துப்போனார். என் வயதுதான் இருக்கும். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார், சட்டைப்பையில் அளவுகோல். அவர் குடும்பப் பெயரை எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

முதலில் காபி, பிளம்ஸ் பழக் கேக். பிறகுதான் வேலைப் பேச்சு. நான் துண்டைப் பிரித்து உடைந்த கேமை மேஜைமேல் வைத்தேன். அவர் அதைக் கையில் எடுக்கவில்லை, குனிந்து அதில் பொறித்திருந்த எண்ணை மட்டும் பார்த்தார்.

"இது சித்தப்பாவுடைய எண்" என்றார். "இது புரிய வேண்டுமானால் முழுக் கதையும் நீங்கள் கேட்க வேண்டும்."

எழுந்து நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். வராந்தாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் மரத்தால் செய்த ஒரு கை மாதிரி இருந்தது, விரல்களோடு. கம்பெனியைத் தொடங்கிய முப்பாட்டனார் கொல்லர். அவருடைய மனைவி அடுக்களை மேஜையில் உட்கார்ந்து ஊர் அலுவலகத்துக்குக் கவர் மடித்துக் கொடுத்துக் குடும்பத்தை ஓட்டியிருக்கிறார். மனைவியின் விரல் எப்படி மடிக்கிறது, எங்கே அழுத்துகிறது என்று பார்த்துப் பார்த்து அந்த ஆள் மரத்தில் விரல் செய்து, பிறகு இரும்பில் செய்து, அதுதான் முதல் இயந்திரம். சிவகாசித் தெருக்களில் இன்றைக்கும் வீட்டு வாசலில் பெண்கள் கவர் மடித்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஆண்களும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்த சுவரில் இரண்டாம் உலகப் போர்க்காலம். "அப்போது இங்கே கவர் செய்யவில்லை. கட்டாயப்படுத்திக் கொண்டுவரப்பட்டவர்கள் இங்கே வேலை செய்தார்கள். அவர்கள் பெயர்களில் எங்களுக்குத் தெரிந்தவை இவை" என்று உல்ரிக்க சொன்னார். சொல்லிவிட்டு நாங்கள் படித்து முடிக்கும்வரை காத்து நின்றார். தங்கள் வீட்டுக் குற்றத்தை வருகிறவர்கள் கண்ணில் படும்படி எழுதி வைக்கிற மனசு எனக்குப் புதிது.

பிறகு பெரிய கூடம். நடுவில் தரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு மஞ்சள் கோடு. பாதுகாப்புக்காகப் போட்டது என்று நினைத்தேன். அது பாகப்பிரிவினைக் கோடு!

போருக்குப் பிறகு கம்பெனி இரண்டு அண்ணன் தம்பிகள் கைக்கு வந்தது. உல்ரிக்கவின் அப்பா மூத்தவர். இருவரும் கெட்டிக்காரர்கள், இருவரும் பிடிவாதக்காரர்கள். கவருக்குப் பசை மேலிருந்து வரவேண்டும் என்றார் அண்ணன். கீழிருந்துதான் வரவேண்டும் என்றார் தம்பி. சண்டை முற்றி, கூடத்தையே கோடு போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். வெட்டி மடிக்கும் முன்பாதியை அண்ணன் செய்வார், பசை தடவி வெளியே தள்ளும் பின்பாதியைத் தம்பி செய்வார். வாங்குகிறவர்கள் முன்பாதியை இவரிடமும் பின்பாதியை அவரிடமும் வாங்கிப் பூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு பாதிக்கும் திருகாணிகூட வேறு வேறு. அடப் பாவிகளா! எங்கள் ஜெர்மன்காரருக்கு ஏன் இரண்டு செட் ஸ்பேனர் வேண்டியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பிறகு தம்பியின் தொழில் நொடித்தது. அண்ணன் அந்தப் பாதிக் கூடத்தை வாங்கிக்கொண்டார். தம்பி தன் வரைபடங்களையும் அச்சுகளையும் வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். இரண்டு பேரும் இப்போது இல்லை. கோடு இருக்கிறது. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பெயின்டர் தரைக்கு வண்ணம் அடிக்கும்போது அதையும் சேர்த்து அடித்துவிடுகிறார், நிறுத்தச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லையாம்.

"சித்தப்பா மகன் வெர்னர் ஆற்றுப் பாலத்துப் பக்கம் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அவனிடம் இருக்கலாம். நாங்கள் பேசிக்கொள்வதில்லை" என்றார் உல்ரிக்க. சொல்லிவிட்டு மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு கவரை எடுத்து என் கையில் கொடுத்தார். வசந்தத்தில் கம்பெனிக்குப் பெரிய ஆண்டு விழாவாம், அதற்கான அழைப்பிதழ். கவரில் பெயர் எழுதவில்லை.

எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. பங்காளி எங்கே இருக்கிறான் என்று சொல்லி, அடுத்த நிமிஷம் பெயர் எழுதாத பத்திரிகையைக் கையில் கொடுத்தால் என்ன அர்த்தம்? எங்கள் ஊரில் குழந்தைக்குத் தெரியும். தானாகப் போகக் கௌரவம் தடுக்கிறது, விழாவும் வருகிறது, விட்டுவிடவும் மனசில்லை. மூன்றாம் ஆள் கையில் கொடுத்து அனுப்புவார்கள். பெயரை எப்படி எழுதுவது என்று தெரியாமல் கவரை வெறுமனே விடுவார்கள். இந்த மாதிரிக் கவர் எங்கள் கம்பெனியிலிருந்து எத்தனை போயிருக்கும்! நான் உல்ரிக்கவின் கையைப் பிடித்து, "நீங்க கவலப்படாதீங்க, நான் பாத்துக்கிறேன்" என்றேன். அக்கா மொழிபெயர்க்க, உல்ரிக்க புரியாமல் தலையாட்டினார்.

பாலத்துக்குப் போகும் வழியில் கடையில் வாழைப்பழமும் ஆப்பிளும் வாங்கினேன். கூடவே ஒரு பொட்டலம் சாத்தூர் சேவு. டிபன் பாக்ஸ் மூடிதான் தாம்பாளம். கவர் வெள்ளை வெளேரென்று கருமாதிப் பத்திரிகை மாதிரி இருந்தது. பர்ஸில் இருந்த கோவில் மஞ்சளைத் தொட்டு நாலு மூலையிலும் தடவினேன். அக்காவுக்கு அந்த நேரம் பார்த்துக் கடையிலிருந்து போன், அரிசி வண்டி விஷயமாக. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். நான் மட்டும் உள்ளே போனேன்.

வெர்னர் நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர், கையெல்லாம் கிரீஸ். நான் தட்டை இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு கவரைப் பிரித்தார். படித்தார். மறுபடி படித்தார்.

"உல்ரிக்க?" என்று கேட்டார்.

"ஆமா, உல்ரிக்க!" என்று நன்றாகத் தலையாட்டினேன்.

அவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தட்டிலிருந்த சேவில் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு இருமினார், கண்ணில் தண்ணீர். காரத்துக்காகவா, வேறெதற்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா வந்து சேர்ந்ததும் கேமைக் காட்டினோம். கொட்டகைக்குள் போய் நெடுநேரம் உருட்டிப் புரட்டி, அதே எண் போட்ட ஒரு வார்ப்பு இரும்பை எடுத்துவந்தார். புத்தம் புதுசு, ஆனால் இழைத்து முடிக்காதது. "இதைச் சரியான அளவுக்கு இழைக்கும் இயந்திரம் அவளுடைய கூடத்தில்தான் இருக்கிறது. அவளே கூப்பிட்டுவிட்டாளே. காலையில் நானே கொண்டுவருகிறேன்" என்றார். அன்று ரயிலில் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பாண்டிக்கு, 'காயலான் கடைக்காரரை வேற வேலை பாக்கச் சொல்லு' என்று செய்தி அனுப்பினேன்.

காலையில் நல்ல மழை. நாங்கள் கூடத்தில் உல்ரிக்கவோடு நின்றுகொண்டிருந்தபோது பக்கவாட்டுக் கதவு திறந்தது. வாசலில் வெர்னர், சைக்கிளோடு. முன்கூடையில் துணி சுற்றிய இரும்பு, கோட்டுப் பையில் மஞ்சள் மூலையோடு கவர்.

உல்ரிக்கவின் முகம் வெளுத்தது. "நீ எங்கே இங்கே?"

"நீ கூப்பிட்டாய், வந்தேன்."

"நான் கூப்பிடவில்லையே."

அக்கா என் காதருகே, "மாரி, அந்த அழைப்பிதழ் உங்களுக்குத் தந்ததாம். வாடிக்கையாளர் எண்டு. அவருக்கு அனுப்பேல்லையாம்" என்றார். வெர்னர் கூடைக்குள் இருந்த துணியை இழுத்து மூடினார், சைக்கிளைத் திருப்பினார். என் ஜெர்மன்காரரின் உயிர் அந்தக் கூடையில் ஏறிக் கண்ணெதிரே போகிறது!

என்னால் வாயை அடக்க முடியவில்லை. "ஏம்மா, பங்காளிக்குப் பத்திரிக வெக்காம என்னத்த விழா கொண்டாடப் போறீங்க? வாரவுக எல்லாம் அவரு எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? பெரியவுக ரெண்டு பேரும் பசைக்குச் சண்ட போட்டாங்க, போயும் சேந்துட்டாங்க. நீங்க எதுக்கு இன்னும் கோட்டுக்குப் பெயின்ட் அடிச்சுக்கிட்டு இருக்கீங்க?"

மூச்சு வாங்க நின்றேன். அக்கா ஜெர்மனில் கொஞ்சம் பேசினார். நான் பேசியதில் கால்வாசி நீளம்கூட இல்லை.

"என்ன சொன்னீங்க?"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, இவவின்ர ஊரில அப்பிடித்தான் பத்திரிகை குடுத்து விடுறவை எண்டு சொன்னனான். நீங்கள் சொன்னதைச் சொன்னால் எங்களையும் வெளியில விட்டிடுவினம்."

உல்ரிக்க அந்த மஞ்சள் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். திறந்திருந்த கதவு வழியாகச் சாரல் அடித்தது.

"கதவைச் சாத்து, வெர்னர்" என்றார் கடைசியில். "கூடத்துச் சூடெல்லாம் வெளியே போகிறது."

கதவை வெளியே நின்றும் சாத்தலாம், உள்ளே வந்தும் சாத்தலாம். வெர்னர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, உள்ளே வந்து சாத்தினார். நான் அழுதேன், அக்காவும் அழுதார். அவர்கள் இருவரும் அழவில்லை. துணியைப் பிரித்து இரும்பைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

இழைக்கும் இயந்திரம் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம். வெர்னர் கோட்டருகே ஒரு கணம் நின்றார், ஷூவைத் துடைப்பதுபோல் காலைத் தேய்த்தார், தாண்டினார். அரை மணி நேரம் இழைக்கும் சத்தம். அதற்குப் பிறகு பேச்சுச் சத்தம் கூடிக்கொண்டே போனது. கை நீட்டி நீட்டிப் பேசினார்கள், உல்ரிக்க சுவரில் படம் வரைந்தே காட்டினார். எனக்குத் திக்கென்றது. "என்னக்கா, மறுபடியும் சண்டையா?"

அக்கா காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "பசை மேலிருந்து வரோணுமாம் எண்டு அவ சொல்லுறா. கீழயிருந்துதான் எண்டு அவர் சொல்லுறார்."

மத்தியானம் உருளைக்கிழங்கு சூப்புக்கு எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தோம். அவர்கள் அப்போதும் அதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கார்த்திகையில் ஊர் திரும்பி, கேமைப் பூட்டினோம். ராஜேஸ்வரி பயந்து தள்ளி நின்றாள். பாண்டி சுவிட்சைப் போட்டான். ஜெர்மன்காரர் ஒருமுறை செருமினார், பிறகு கவர் வந்து விழுந்தது, ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டியிருந்தது. எடைக்குப் போட்டுருவோம் என்ற பாண்டி இயந்திரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நான் பார்க்காததுபோல் இருந்துகொண்டேன்.

பொங்கலுக்கு முன்னால் வசந்தி அக்காவிடமிருந்து போன். ஆண்டு விழா அழைப்பிதழைப் புதிதாக அடிக்கப் போகிறார்களாம், இருவர் பெயரிலும். கவர் எங்களிடம்தான் செய்ய வேண்டுமாம், மூலையில் மஞ்சளோடு. "ஆனால் மாரி, ஒரு பிரச்சினை. ஆரின்ர பேர் முதல்ல போடுறது எண்டு ரெண்டு பேருக்கும் மூண்டு நாளாப் பேச்சுவார்த்தை இல்லை."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இதற்கா யோசிப்பார்கள்? சிவகாசிக்காரியிடம் கேட்க வேண்டாமா? மாமன் பெயர் முதலிலா சித்தப்பன் பெயர் முதலிலா என்று முறைத்துக்கொள்ளும் வீடுகளுக்கு நாங்கள் காலங்காலமாகச் செய்வதைத்தான் செய்தேன். பாதிக் கவர்களில் உல்ரிக்க பெயரை முதலில் போட்டேன், மீதிக் கவர்களில் வெர்னர் பெயரை. அவரவர் பெயர் முதலில் உள்ள கவர்களை அவரவர் எடுத்துக் கொடுத்துக்கொள்ளட்டும். எல்லாவற்றையும் எங்கள் ஜெர்மன்காரர் ஒரே நாளில் மடித்து ஒட்டித் தள்ளினார்.

நேற்று அக்கா மறுபடியும் கூப்பிட்டார். பார்சல் போய்ச் சேர்ந்துவிட்டதாம். "வெர்னர் கேக்கிறார், உல்ரிக்கவின்ர கவரில பசை கொஞ்சம் நல்லா ஒட்டியிருக்காம், தன்ர கவரில ஏன் அப்பிடி இல்லை எண்டு. என்ன சொல்லட்டும்?"

"ரெண்டையும் ஒட்டுனது அவுக அப்பாவும் பெரியப்பாவும் சேந்து செஞ்ச மெஷின்தான்னு சொல்லுங்கக்கா" என்றேன்.